ஒரே பெயரில் பல ஆசிரியர்கள்: நூல்களில் பிறந்த ஆண்டும் ஊரும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது நூலகத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், தங்கள் நாளிதழின் நூல் அறிமுகப் பகுதியைத் தவறாமல் படிப்பவன் என்ற முறையிலும், தமிழ்ப் புத்தக உலகில் நாளுக்கு நாள் பெருகிவரும் ஒரு குழப்பத்தைத் தங்கள் கவனத்துக்கும், பதிப்பாளர்கள், நூலகர்கள், வாசகர்கள் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். ஒரே பெயர் கொண்ட வெவ்வேறு ஆசிரியர்களின் நூல்கள் ஒருவர் எழுதியவையாகவே பட்டியலிடப்படுகின்றன. ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு இன்னொருவர் கணக்கில் போய்ச் சேர்கிறது. இதைத் தடுக்கப் பெருஞ்செலவோ புதிய சட்டமோ தேவையில்லை. ஒவ்வொரு நூலின் பதிப்பு விவரப் பக்கத்திலும் ஆசிரியர் பிறந்த ஆண்டையும் ஊரையும் ஒரே வரியில் அச்சிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

எஸ். ராமகிருஷ்ணன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். இன்றைய வாசகர்களில் பெரும்பாலோருக்கு இப்பெயர் 1966-இல் பிறந்து, உபபாண்டவம், நெடுங்குருதி, யாமம் ஆகிய நாவல்களை எழுதி, சஞ்சாரம் நாவலுக்காக 2018-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற எழுத்தாளரையே குறிக்கும். ஆனால் கம்பனையும் மில்டனையும் ஒப்பிட்டுக் 'கம்பனும் மில்டனும்' என்ற நூலை எழுதிய மார்க்சிய அறிஞரும் எஸ். ராமகிருஷ்ணன்தான், தோழர்கள் அவரை எஸ்.ஆர்.கே. என்று அழைத்தார்கள். 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி, தற்காலத் தமிழ் அகராதியை 1992-இல் முதன்முதலாக வெளிக்கொண்டுவந்து, அதன் மூன்றாம் பதிப்பு வெளியான 2020-ஆம் ஆண்டிலேயே கொரோனாவுக்குப் பலியானவரும் எஸ். ராமகிருஷ்ணன்தான். மூவரும் தமிழுக்கு ஆற்றிய பணி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது. மூன்றும் தனித்தனியே போற்றத்தக்கது. எனினும் இணையத்தில் நூல் விற்கும் ஒரு கடையின் பக்கத்தில், நாவலாசிரியரின் நிழற்படத்துக்குக் கீழே அவருடைய நாவல்களும் கம்பனைப் பற்றிய ஆய்வும் ஒரே வரிசையில் நிற்பதை நான் கண்டேன்.

இது வெறும் விற்பனைப் பட்டியலின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. நான் பணியில் இருந்தபோது, ஒப்பிலக்கியத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் முன்வரைவைக் காட்டினார். நாவல் எழுத வருமுன் கம்பனில் ஆழ்ந்திருந்ததால்தான் அந்த எழுத்தாளருக்கு இதிகாசத்தை மறுபடைப்பு செய்யும் ஆற்றல் வாய்த்தது என்று அதில் ஒரு பத்தி முழுவதும் விளக்கியிருந்தார். அவர் சோம்பேறியல்லர், இரண்டு நூல்களையும் படித்திருந்தார். நூலகக் கணினியில் பெயரைத் தட்டியதும் இரண்டும் அடுத்தடுத்து வந்ததால், இருவர் என்ற ஐயமே அவருக்கு எழவில்லை. கம்பனைப் பற்றிய அந்நூலின் பதிப்பு விவரப் பக்கத்தை எடுத்துப் பார்த்தோம். பதிப்பு, விலை, அச்சகம், உரிமை என எல்லாம் இருந்தன. ஆசிரியர் யார் என்று அறிந்துகொள்ள உதவும் சொல் ஒன்றுகூட இல்லை.

தமிழில் இக்குழப்பம் மிகுவதற்கு நம் பெயரிடும் முறை ஒரு காரணம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான் நம்மைச் சுட்டுகின்றன. அந்த ஓரெழுத்தின் மீதுதான் எல்லாச் சுமையும் விழுகிறது. மு. இராகவையங்கார், ரா. இராகவையங்கார் இருவரும் உறவினர்கள், ஒரே காலத்தவர்கள், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழுக்கு இருவருமே ஆசிரியராக இருந்தவர்கள். வேளிர் வரலாறும் சேரன் செங்குட்டுவனும் முன்னவர் நூல்கள். பாரிகாதை பின்னவர் நூல். மேற்கோள் காட்டுகிறவர் 'இராகவையங்கார்' என்று மட்டும் எழுதிவிட்டால், எவர் கருத்து எவருடையது என்று பிரித்தறிய இயலாது. முதலெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிட்டால், மேலே சொன்ன ராமகிருஷ்ணன்களின் நிலைதான். இதன் மறுபக்கமும் உண்டு. ராமகிருஷ்ணன், இராமகிருஷ்ணன், ராமகிருட்டிணன் என்றும், எஸ்., எசு., சு. என்றும் எழுத்து மாறுவதால், ஒரே ஆசிரியரின் நூல்கள் இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பதும் நடக்கிறது. இருவரை ஒருவராக்கும் பட்டியலே ஒருவரை இருவராக்கவும் செய்கிறது.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர்கள் அல்லர். சங்கத் தொகைநூல்களில் சாத்தன் என்ற பெயர் கொண்ட புலவர்கள் பலர் இருக்கிறார்கள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஆவூர் மூலங்கிழார் மகனார் பெருந்தலைச் சாத்தனார், சீத்தலைச் சாத்தனார் என்று ஊரும் தந்தை பெயரும் சேர்த்தே அவர்கள் சுட்டப்படுகிறார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற பெயரில் ஊரும் தொழிலும் இரண்டும் இருக்கின்றன. அரச மரபில் வந்த கடுங்கோக்கள் இருவரை, பாலை பாடிய பெருங்கடுங்கோ என்றும் மருதம் பாடிய இளங்கடுங்கோ என்றும், அவர்கள் சிறந்து விளங்கிய திணையைக் கொண்டே பிரித்துக் காட்டினார்கள். பாடலைப் பாதுகாத்தவர்கள் பாடியவரின் அடையாளத்தையும் சேர்த்தே பாதுகாத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் பாடினோர் வரலாற்றை நூலோடு சேர்த்துத் தந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளிலேயே உத்தமதானபுரம் என்ற ஊரும் வேங்கடசுப்பையர் என்ற தந்தை பெயரும் அடங்கியிருக்கின்றன. அத்தகைய முழு அடையாளம் காலப்போக்கில் ஓரெழுத்தாகக் குறுகியதுதான் இன்றைய நம் குழப்பத்தின் வேர்.

அடைமொழி இல்லாமல் போன இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்கு ஔவையாரே தலைசிறந்த சான்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்தில் இருந்து, அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, அவன் இறந்தபோது கையறுநிலை பாடிய ஔவையாருக்குச் சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் உள்ளன. அவற்றில் 33 புறநானூற்றில் இருக்கின்றன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றைத் தந்த ஔவையார் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். இதற்கு வெளியே எங்கும் சான்று தேட வேண்டியதில்லை. நல்வழியின் இறுதி வெண்பாவில் திருக்குறளோடு மூவர் தமிழும், திருக்கோவையாரும், திருவாசகமும், திருமூலர் சொல்லும் ஒன்றாக எண்ணப்படுகின்றன. தேவாரமும் திருவாசகமும் தோன்றி, அவை மறைக்கு நிகராக மதிக்கப்படும் நிலையை எய்திய பிறகே ஒருவர் இவ்வாறு பாடியிருக்க முடியும். அதியமானோடு பழகியவர் பாடியிருக்க முடியாது. விநாயகர் அகவலும் ஔவைக்குறளும் யோக மரபின் சொற்களில் அமைந்தவை. அவற்றின் காலத்தையும் ஆசிரியரையும் தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

ஆயினும் பொதுமக்கள் மனத்தில் ஔவையார் ஒருவரே. கோலூன்றிய மூதாட்டியாக, அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் குழந்தைகளுக்கு ஆத்திசூடி சொன்னவரும் ஒருவராகவே அவர் நிலைத்துவிட்டார். 1953-இல் வெளிவந்த திரைப்படமும் அந்த ஒற்றை உருவத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. மக்களின் அன்பில் அவர் ஒருவராக இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம், சங்க காலப் பெண்கல்வியைப் பற்றியும் அக்கால அறநெறியைப் பற்றியும் எழுதுகிறவர்கள் மூதுரையை மேற்கோள் காட்டும்போதுதான். இதில் இழப்பு இருவருக்கும். தூது சென்ற புலவரின் அரசியல் துணிவு அறிவுரைக் கூற்றுகளுக்குப் பின்னே மறைந்துபோகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிய சொற்களைத் தேர்ந்து கோத்த பிற்கால ஔவையாரின் அரிய கலைத்திறனும் தனியே மதிப்பிடப்படாமல் போகிறது.

கபிலர் என்ற பெயரில் பாரியின் நண்பரும் குறிஞ்சிப்பாட்டின் ஆசிரியருமான சங்கப் புலவர் இருக்கிறார். இன்னா நாற்பதின் ஆசிரியர் இருக்கிறார். பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார் இருக்கிறார். நக்கீரர் நிலை இன்னும் சிக்கலானது. திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் நூல்களோடும் இருக்கிறது. ஆதலால் நெடுநல்வாடை பாடியவரும் அவரும் ஒருவரா என்ற விவாதம் இன்றுவரை தொடர்கிறது. கோயில் நான்மணிமாலை முதலிய ஐந்து நூல்களைச் செறிவான நடையில் பாடிய பட்டினத்துப் பிள்ளையாரும், தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது நெஞ்சை உருக்கும் எளிய நடையில் பாடிய பட்டினத்தாரும் வேறு வேறு காலத்தவர் என்பதே ஆராய்ச்சியாளர் பலருடைய முடிவு. நளவெண்பாப் புகழேந்தியின் பெயரிலேயே அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சேறின. அம்மானை பாடிய பெயரறியா நாட்டுப்புறப் புலவர்களின் படைப்பு இப்படித்தான் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று.

என்னிடம் வாசகர்கள் மிகுதியாகக் கேட்டது கச்சியப்பரைப் பற்றி. கந்தபுராணம் பாடியவர் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாசாரியார். தணிகைப் புராணம் பாடியவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும் சிவஞான முனிவரின் மாணவருமான கச்சியப்ப முனிவர். இருவரும் முருகனைப் பாடியவர்கள்; கச்சியப்ப முனிவரோ காஞ்சிப் புராணத்தின் இரண்டாம் காண்டத்தையும் இயற்றியவர். ஊரும் தெய்வமும் பெயரும் ஒத்துவிட்ட நிலையில், நூலட்டையில் 'கச்சியப்பர் அருளிய' என்று மட்டும் போட்டால் வாசகர் என்ன செய்வார்? சிவாசாரியார், முனிவர் என்ற பின்னொட்டைக் கூடவே அச்சிட்டிருந்தால் ஐயத்துக்கு இடமே இருந்திராது.

எழுத்தாளர்கள் தாமாகவே முன்வந்து இதைச் சரிசெய்துகொண்ட வரலாறும் நமக்கு உண்டு. எஸ். ரங்கராஜன் கதை எழுதத் தொடங்கிய காலத்தில், குமுதம் இதழில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார். பெயர்க் குழப்பம் வேண்டாமென்று தம் மனைவியின் பெயரான சுஜாதா என்பதைப் புனைபெயராக ஏற்றார். ஆனந்த விகடனில் துப்பறியும் சாம்புவை எழுதிய தேவன் இங்கே பெரும்புகழோடு விளங்கியதால், இலங்கையில் அதே பெயரில் எழுதியவர் 'தேவன் – யாழ்ப்பாணம்' என்று ஊரைச் சேர்த்தே கையொப்பமிட்டார். சங்கப் புலவர்களுக்குத் தொகுப்பாளர்கள் செய்ததை அவர் தமக்குத் தாமே செய்துகொண்டார் என்றே நான் கருதுகிறேன். பிற நாட்டிலும் இத்தகைய நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1899-இல் அமெரிக்காவில் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற நாவலாசிரியர் பெயர் பெற்றிருந்தார். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில், அவருக்குக் கடிதம் எழுதி, இனித் தம் நூல்களில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்றே கையெழுத்திடுவதாகத் தெரிவித்தார். அதன்படியே தம் நூல்களில் வேறுபாடு காட்டினார்.

ஆனால் எல்லா ஆசிரியரும் புனைபெயர் வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. பெற்றோர் இட்ட பெயரில் எழுதுவது அவரவர் விருப்பம். வேறுபாட்டைக் காட்ட வேண்டிய பொறுப்பு பதிப்பாளருக்கும் நூலகத்துக்கும் உரியது. இதற்கான வழியை உலகுக்குக் காட்டியவரே ஒரு தமிழர்தான். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ.இரா. அரங்கநாதன், 1933-இல் வெளியிட்ட, நூலக நூல்களை வகைப்படுத்தி எண் தரும் கோலன் பகுப்பு முறையில், இலக்கிய நூல்களுக்கு ஆசிரியரின் பெயரை வைத்து எண் தரவில்லை. அவர் பிறந்த ஆண்டை வைத்தே எண் தந்தார். அம்முறையில் ஷேக்ஸ்பியரைக் குறிப்பது 1564 என்ற ஆண்டு. பெயர் ஒத்திருந்தாலும் பிறந்த ஆண்டு வேறாயின் நூல்கள் அலமாரியிலேயே தனித்தனி இடத்துக்குப் போய்விடும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. பிறந்த ஆண்டால் ஆசிரியரைப் பிரிக்கும் இம்முறையும் அதற்கு உதவுவதே. அவர் பிறந்த மண்ணில் அச்சாகும் நூல்களிலேயே ஆசிரியர் பிறந்த ஆண்டு இல்லையென்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது.

ஐஎஸ்பிஎன் எண் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த எண் நூலின் ஒரு குறிப்பிட்ட பதிப்பைச் சுட்டுமேயன்றி, எழுதிய மனிதரைச் சுட்டாது. மனிதரைச் சுட்டுவதற்கென்றே ஐஎஸ்என்ஐ என்ற 16 இலக்க எண் பன்னாட்டுத் தரமாக 2012-இல் வந்துவிட்டது. பெரிய பதிப்பகங்கள் அதைப் பயன்படுத்த முன்வந்தால் மகிழ்ச்சியே. ஆனால் இரண்டு அறைகளில் இயங்கும் ஒரு சிறு பதிப்பகத்திடமும், தம் கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் அச்சிடும் ஓர் ஆசிரியரிடமும் அதை எதிர்பார்க்க இயலாது. அவர்களாலும் முடியக்கூடியது பதிப்பு விவரப் பக்கத்தில் ஒரு வரிதான்: ஆசிரியரின் முழுப்பெயர், தந்தை அல்லது தாய் பெயரின் விரிவு, பிறந்த ஆண்டு, ஊர். பிறந்த ஆண்டை வெளியிட விரும்பாதவர்கள் இருப்பார்கள். குறிப்பாகப் பெண் எழுத்தாளர்கள் சிலர் இத்தயக்கத்தை என்னிடமே கூறியிருக்கிறார்கள். அத்தயக்கத்தை மதிக்க வேண்டும். அவர்களுக்கு ஊரும் முதல் நூல் வெளிவந்த ஆண்டும் போதும். மறுபதிப்புகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. ஆசிரியர் மறைந்த பின் உரிமை காலாவதியான நூல்களை வெளியிடும்போது, முதற்பதிப்பின் ஆண்டைக்கூடச் சில பதிப்பகங்கள் குறிப்பதில்லை; அரைநூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட நூல், இன்று அதே பெயரில் எழுதுகிற ஓர் இளைஞருடையது என்று கருதப்பட அதுவே வழிசெய்கிறது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். தமிழ் நூல்கள் ஓரிடத்தில் குவியும் அந்த நூலகமே தமிழ் ஆசிரியர் பெயர்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கத் தகுந்த இடம். ஒரு பெயரில் எத்தனை பேர், எவருக்கு எந்தெந்த எழுத்துவடிவங்கள், எவருடைய நூல்கள் எவை என்று அதில் பதிந்து, மாவட்ட நூலகங்களின் கணினிப் பட்டியல்கள் எல்லாம் அதையே பின்பற்றுமாறு செய்யலாம். இணையத்தில் நூல் விற்போரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுதுகிறவர்களின் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும். தமிழ்நாட்டு எழுத்தாளரோடு பெயர் ஒத்துப்போனதால் தம் நூலையே இங்கே இழந்து நிற்பவர்கள் அவர்களில்தான் மிகுதி.

அந்தப் பதிவேடு வரும்வரை, தங்கள் நாளிதழ் ஒன்று செய்யலாம். ஞாயிறுதோறும் நூல் அறிமுகப் பகுதியில் நூலின் பெயர், பதிப்பகம், விலை, தொடர்பு எண் ஆகியவற்றை அச்சிடுகிறீர்கள். ஆசிரியர் பெயரை அடுத்து அவர் பிறந்த ஆண்டும் ஊரும் அடைப்புக்குறிக்குள் வந்தால், மதிப்புரைக்கு நூல் அனுப்பும் பதிப்பாளர்கள் அவ்விவரத்தையும் எழுதி அனுப்பத் தொடங்குவார்கள். எழுதி அனுப்புகிறவர்கள் அடுத்த பதிப்பில் அதை நூலிலும் சேர்ப்பார்கள். வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்பே இதைத் தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்,
கும்பகோணம்.